சிங்க்குக்குக் கீழே ஓர் உஸ்

என் வீட்டுக்காரருக்கு எதையும் முழுசாக முடுக்கத் தெரியாது. ஊறுகாய்ப் பாட்டில் மூடி, சைக்கிள் நட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திருகு, எதுவானாலும் பாதி வரை திருகிவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறவர்போலக் கையை மெல்ல எடுத்துவிடுவார். சோம்பேறித்தனம் என்று சொன்னால் எனக்குப் பாவம் வரும். தொழில் அப்படி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டுக்குச் சணல் சுற்றுகிற வேலை. அதற்கு முன்னால் சில வருஷம் வெடிமருந்து கலக்குகிற மருந்து அறையில் இருந்தார். தட்டாதே, தேய்க்காதே, இழுக்காதே, அழுத்தாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கை அது. எங்கள் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சையே தொளதொளவென்றுதான் போட்டார். பின்னால் நின்ற நாத்தனார்தான், "இப்படிக் கட்டுனா மறுவீட்டுக்குப் போறதுக்குள்ள கழண்டுரும்லே" என்று அடுத்த இரண்டு முடிச்சையும் என் கழுத்து இறுகும்படி போட்டுவிட்டாள்.

அந்தக் கையை நம்பித்தான் நான் வீட்டில் சிங்க் வைத்தேன்.

சிங்க் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேறொரு கம்பெனியில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. காலையில் வேன் ஏற்றிக்கொண்டு போகும். இறங்கியதும் தரையில் சம்மணம் போட்டால் சாயங்காலம் வேன் ஹாரன் அடிக்கும் வரை அதே சம்மணம்தான். வீட்டுக்கு வந்தால் அடுப்பங்கரை மூலையில் அங்கணம். அந்தச் சின்னக் கழுவுமிடத்தில் குத்தவைத்து, முழங்கால் முகத்தில் இடிக்க, பாத்திரம் விளக்க வேண்டும். ஊரில் எல்லோரும் எங்கேயாவது உட்கார இடம் கிடைக்காதா என்று தேடுவார்கள். நான் நிற்க இடம் தேடினேன். ஒரு நாளில் ஒரு வேலையையாவது நிமிர்ந்து நின்று செய்ய வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் கலர் டிவி வந்திருந்தது, செல்போன்கூட ஒன்றிரண்டு வந்திருந்தது, சிங்க் மட்டும் வரவில்லை. அந்தத் தீபாவளி போனஸில் நான் வாங்கிவிட்டேன். எவர்சில்வர் சிங்க், அதன் விளிம்பில் கொக்குபோல நிற்கிற ஒரு குழாய். கொத்தனார் மேடை கட்டிப் பதித்துக் கொடுத்துவிட்டு, "கனெக்‌ஷன நீங்களே குடுத்துக்கிருவீகள்ல?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பெருமையாகத் தலையாட்டினார். வினை அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்தது.

தெருவே வந்து பார்த்தது. என் மாமியார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரி நிலத்தில் பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து, ஆடு மேய்த்து ஓய்ந்த உடம்பு. பட்டாசுக் கம்பெனி வாசலை மிதித்ததே கிடையாது. அவர் சிங்க்கை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டே எச்சிப் பாத்திரம் வெளக்குனா வீட்டுல லச்சுமி எப்படித்தா உக்காருவா?" என்றார்.

"லச்சுமி உக்காரட்டும் அத்த. நான் நிக்கிறேன்" என்றேன்.

என் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குழாயின் அடியில், சிங்க்குக்குக் கீழே, சுவரிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் டியூப் வளைந்து வந்து குழாயோடு சேருகிற இடத்தில் ஒரு நட்டு இருக்கிறது. அங்கே சொட்ட ஆரம்பித்தது. முதலில் ஒரு கிண்ணம் வைத்தேன். பிறகு போசி. பிறகு வாளி. அப்புறம் ஒரு நாள் கீழே வைத்திருந்த உளுந்து டப்பாவைத் திறந்தால் எல்லாம் முளை விட்டிருந்தது. அத்தை அதைக் கையில் அள்ளித் தெருவுக்கே காட்டினார். "மழை தண்ணி இல்லாம காடெல்லாம் காஞ்சு கெடக்கு. எம் மருமக அடுப்பங்கரையில வெள்ளாமை வச்சிருக்கா, பாருங்க!"

வீட்டுக்காரர் சைக்கிள் டியூப்பைக் கத்தரித்து நட்டுக்குள் வைத்தார். சொட்டியது. வெள்ளை டேப் சுற்றினார். சொட்டியது. நட்டைப் பாதிதான் திருகுகிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

"இன்னும் கொஞ்சம் முடுக்குங்க."

"முடுக்குனா வெடிப்பு விட்டுரும்."

"விட்டுருமா? அது என்ன வெடியா?"

"ஒனக்கு லேபிளுதான் தெரியும். பேசாம இரு."

நானே முடுக்குகிறேன் என்றால் விடமாட்டார். ஆம்பிளை வேலையாம். பிளம்பரைக் கூப்பிடலாம் என்றால் அவர் சிவகாசியிலிருந்து வர வேண்டும். நாளைக்கு வருகிறேன் என்பார், எந்த நாளைக்கு என்று சொல்லமாட்டார். தீபாவளி முடிந்து கம்பெனிகள் இன்னும் திறக்காத மாதம் வேறு. வீட்டுக்காரர் பகலெல்லாம் வீட்டில். சும்மா இருக்கிற மனுஷனுக்குச் சொட்டுச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் காலையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இந்தா பாரு. இன்னைக்கு நான் பாக்குறதுதான் கடைசி. இதுலயும் ஒழுகுச்சு, சிங்க்கப் பேத்து எடைக்குப் போட்டுருவேன். அங்கணம் இருக்குல்ல? உக்காந்து வெளக்கு."

"இப்பத்தான்யா நல்ல வார்த்த சொன்ன" என்றார் அத்தை.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் அந்தச் சிங்க்கில் போட்டு விளக்கியிருப்பேன். கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. எடைக்குப் போட்டால் வெறும் தகரம். எனக்கு அது என் முதுகு. மூக்கைச் சிந்திவிட்டுப் போய் மாடி டேங்க் வால்வை அடைத்துவிட்டு வந்தேன்.

கடைசித் தடவை என்பதால் அவர் தன் முழுத் திறமையையும் காட்ட முடிவு செய்துவிட்டார். கம்பெனியில் கழித்துப்போட்ட பச்சைச் சணல் ஒரு கண்டு வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு சிங்க்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார். நட்டுக்கு உள்ளே அடைக்க வேண்டியதை விட்டுவிட்டு, வெளியே சுற்ற ஆரம்பித்தார். அந்தச் சுற்றலைப் பார்க்க வேண்டுமே! குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மூலைக்கு மூலை ஒன்று என்று விரல் தானாக ஓடியது. வேலையைக் கண்டதும் மனுஷன் முகம் தெளிந்து, விசில்கூட அடித்தார். சுற்றி முடித்ததும் என்னிடம் மைதாப் பசை காய்ச்சச் சொன்னார்.

"மைதாப் பசை தண்ணியில கரையாதா?"

"மயில்துத்தம் போட்டா கரையாது."

காகிதக் குழாய்க்குப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் போடுகிற மயில்துத்தம் தண்ணீரை எப்படித் தடுக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன பிரயோசனம்? காய்ச்சிக் கொடுத்தேன். பூசினார். வெயிலில் காய வைக்க முடியாதே என்று டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து சிங்க்குக்கு அடியில் வைத்தார். மத்தியானம் வரை சிங்க் காற்று வாங்கியது. எங்களுக்குத்தான் புழுங்கியது.

காய்ந்த பிறகு குனிந்து பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இவர் நட்டை அடைக்கப் போய் அணுகுண்டு பிடித்து வைத்திருந்தார். பச்சையாக, உருண்டையாக, கையடக்கமாக, சந்தையில் விற்கிற அதே குண்டு. பழக்கதோஷத்தில் சணலின் நுனியை அறுக்காமல் விட்டிருந்ததால் திரிபோல ஒன்று வெளியே தொங்கியது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினார். அண்ணாச்சி இவருடைய கம்பெனியில் போர்மேன். தெருவில் எது நடந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து மேற்பார்வை பார்ப்பார். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏலே, வீட்டுல வச்சுக் குண்டு சுத்தக் கூடாதுன்னு எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன்?"

"அண்ணாச்சி, அது சிங்க்கு."

"அது தெரியுது. பாத்தவன் நம்பணும்லலே." பிறகு யாரும் கேட்காமலே பாதுகாப்பு வகுப்பை ஆரம்பித்துவிட்டார். "எதுவானாலும் பதறக் கூடாது. தொழிலாளிக்கு நிதானம் முக்கியம். வரிசையா, நடந்து, ஒருத்தர ஒருத்தர் தள்ளாம வெளிய போகணும்." வாரம் ஒரு தடவை கம்பெனியில் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் பழகிவிட்டது.

அத்தை பின்வாசலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "மாடிக்குப் போயி வால்வத் தெற" என்றார். வெளிப்படியில் ஏறிப் போனேன். மாடியில் டேங்க் பக்கத்தில் நின்று, கடவுளே என் சிங்க்கைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு வால்வைத் திறந்தேன். என் கைக்கு மருந்து அறைப் பழக்கம் கிடையாது. ஒரேயடியாகத் திறந்துவிட்டேன்.

அடுத்த நிமிஷம் வாசலில் அண்ணாச்சி தெரிந்தார். நடக்கவில்லை. வரிசையிலும் வரவில்லை. வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தியபடி பறந்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், அவரை முந்தப் பார்த்துக்கொண்டு.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஓடினால் ஏன் என்று நின்று கேட்கிற வழக்கம் இல்லை. ஓடிக்கொண்டேதான் கேட்போம். நானும் படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். எதிர் வீடு ஓடியது. அதற்கடுத்த வீடு ஓடியது. பால்காரர் கேனோடு ஓடினார். தெரு முனையில் சீமைக்கருவேல மரத்தடி வரை போய்த்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். புகை இல்லை, சத்தம் இல்லை. எங்கள் வீடு வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அண்ணாச்சி மூச்சு வாங்கியபடி போர்மேன் ஆனார். "எல்லாரும் இருக்கீகளா? ஆள எண்ணுங்க. என்ன பேசிக்கிட்டு நிக்கிறீக, எண்ணுங்க!"

"எது அண்ணாச்சி வெடிச்சது?" என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார்.

"வெடிக்கல. உஸ்ஸுன்னுச்சு."

"எது உஸ்ஸுன்னுச்சு?"

அண்ணாச்சி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மரத்தைப் பார்த்தார். "சிங்க்கு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அத்தனை நேரம் வால்வு அடைத்துக் கிடந்ததில் பைப்பெல்லாம் காலி. மேலே திறந்ததும் இறங்கி வந்த தண்ணீர் காற்றை முன்னால் தள்ளியிருக்கிறது. காற்று முடுக்காத நட்டு வழியாகச் சணலுக்குள் புகுந்து உஸ்ஸென்று வெளியேறியிருக்கிறது. பச்சைச் சணல் குண்டு ஒன்று திரியைத் தொங்கப்போட்டுக்கொண்டு முகத்துக்கு நேராக உஸ் என்றால் இந்த ஊர்க்காரன் எவன் உட்கார்ந்திருப்பான்?

"அது காத்துங்க! வால்வத் தெறந்தா காத்து வராம என்ன வரும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் வீட்டுக்காரர்.

"தெரிஞ்சா ஏன் ஓடுனீக?"

"நான் எங்க ஓடுனேன்? காலு ஓடுச்சு."

கருவேல மரத்தடியே சிரித்தது. பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உஸ்ஸென்று வந்தது என்றால் ஒழுகியது என்று அர்த்தம். ஒழுகியது என்றால் என் சிங்க் எடைக்குப் போகிறது. அந்த நினைப்பில் நின்றபோதுதான் ஆள் எண்ணிக்கொண்டிருந்த அண்ணாச்சி, "ஒங்க மாமியா எங்க?" என்றார்.

எங்கும் இல்லை. ஓடிவந்த கூட்டத்தில் அத்தை இல்லை. அதே நேரம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து தொம் தொம் என்று அடிக்கிற சத்தமும், அதன் மேலேயே அத்தையின் அலறலும் கேட்டன. சிரிப்பு நின்றுபோனது. வெறும் காற்றுதான் என்று இப்போதுதான் எல்லோருக்கும் விளக்கினேன். ஆனாலும் காற்றுக்கு எதற்கு அலறல்? வாய்க்கு வாய் திட்டினாலும் அது என் வீட்டு மனுஷி. ஓடினேன்.

அடுப்பங்கரை முழுக்கத் தண்ணீர். சிங்க்குக்கு அடியில் அத்தை குத்தவைத்திருந்தார். தலையிலிருந்து கால் வரை நனைந்து, கொண்டை அவிழ்ந்து, பக்கத்தில் ஒரு விறகுக்கட்டை கிடக்க, இரண்டு கையாலும் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தார்.

"ஏத்தா, வந்துட்டியா? செத்துருச்சான்னு பாரு. விட்டா சீறும். நான் விட மாட்டேன்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்களுக்கு உஸ் என்றால் திரி. காட்டிலேயே கிடந்த அத்தைக்கு உஸ் என்றால் என்ன? பின்வாசல் வழியாக விறகுக்கட்டையோடு உள்ளே வந்திருக்கிறார். சிங்க்குக்கு அடியில் இருட்டு. அந்த இருட்டில் சாம்பல் நிறத்தில் வளைந்து ஒன்று. அது சீறிக்கொண்டு வேறு இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஆனால் அத்தை அரளுகிற ஆள் இல்லை. கட்டையால் இரண்டு போடு போட்டதில் சணல் குண்டு தெறித்து, தண்ணீர் முகத்தில் பீய்ச்சியிருக்கிறது. விஷத்தைக் கக்குகிறது என்று நினைத்து, கட்டையை எறிந்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துத் திருகிவிட்டார். கழுத்து என்று அவர் பிடித்தது நட்டை.

குனிந்து பார்த்தேன். பருத்தி அடைத்த தாட்டுச் சாக்கை இழுத்துக் கட்டின கை திருகின திருகலில் நட்டு இனி நகர வழியில்லாமல் போய் உட்கார்ந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அத்த, விடுங்க. செத்துருச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல?

விளக்கைப் போட்டதும் அவரே பார்த்துவிட்டார். "பாம்பு இல்லையா?" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டார்.

அதற்குள் தெரு வாசலில் கூடிவிட்டது. அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு வாளி மணலோடு வந்து, தீ இல்லாத இடத்தில் எல்லாம் தூவினார். தாயின் கோலத்தையும் தெருவின் சிரிப்பையும் பார்த்த என் வீட்டுக்காரருக்கு வெட்கம் அத்தனையும் கோபமாகத் திரும்பியது.

"இதுக்குத்தான் சொன்னேன். இந்தச் சனியன் வந்ததுல இருந்தே நிம்மதி இல்ல." கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

நான் சிங்க்குக்கு முன்னால் போய் நின்றேன். ஒழுகவில்லை, பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். கண்ணீர்தான் வந்தது. அவர் என் தோளைப் பிடித்து விலக்கினார்.

"ஏலே."

அத்தை சேலையைப் பிழிந்துகொண்டு எழுந்து நின்றார்.

"அம்புட்டுப் பேரும் தலதெறிக்க ஓடுனீகளே, ஒத்தையில பிடிச்சு நிப்பாட்டுனது யாரு? நான் முறுக்குன முறுக்கு அது. அதுமேல கடப்பாரைய வச்ச, ஒன் கழுத்தையும் அப்படித்தான் திருகுவேன். வையி கீழ."

வைத்துவிட்டார். ஓசைப்படாமல் மெதுவாகத்தான் வைத்தார்.

என் சிங்க் பிழைத்தது. ஆனால் அது என் சிங்க்காக இல்லை. கம்பெனி திறந்து, முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வேன் விட்டு இறங்கி, முந்தானையைச் சொருகிக்கொண்டு ஆசையாக உள்ளே போகிறேன், விளக்கின பாத்திரமெல்லாம் பளபளவென்று கவிழ்ந்து கிடக்கிறது. அத்தை கடைசிக் கரண்டியை அலசிக்கொண்டிருக்கிறார், நின்றுகொண்டு. மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்த, தள்ளுங்க. நான் இதுக்காகத்தானே இத வாங்குனேன்? பகலெல்லாம் உக்காந்தே கெடந்துட்டு வர்றேன். நான் நின்னு வெளக்கணும்."

அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"காடு கழனிக்குப் போறத விட்டதுல இருந்து நானும் உக்காந்தேதான்த்தா இருக்கேன். நிக்கிறதுக்கு எனக்கும் ஒரு எடம் வேணாமா?"

அவ்வளவு நாளும் அத்தை சுவரோரம் உட்கார்ந்து என்னைக் குறை சொல்வதைத்தான் நான் கவனித்திருந்தேன். அவர் உட்கார்ந்தே இருந்ததைக் கவனித்ததில்லை. அவர் மேல் பிரியம் வந்தது, கூடவே, சிங்க் போச்சே என்ற ஆத்திரமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலப் பாத்திரம் அவருக்கு என்று ஆயிற்று. காலையில் வேன் வருவதற்கு முன்னால் குடித்த டம்ளரை மட்டும் நான் நின்று கழுவிக்கொள்வேன். நல்ல அகலமான டம்ளராகப் பார்த்து எடுத்துக்கொள்வேன், கழுவக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகுமே என்று. அதற்கும் அத்தை பின்னால் வந்து நின்றுவிடுவார்.

"ஒரு டம்ளருக்கு எம்புட்டு நேரம்த்தா? தள்ளு."